பரிசலில் பதினொரு பேர்

பரிசல் கரையை விட்டு நாலு துடுப்புத் தூரம்கூட வந்திருக்காது, அதற்குள் அருணகிரி மூன்று தடவை ஆட்களை எண்ணிவிட்டான். பதினொன்று. துடுப்புப் போடுகிற மாதையனையும் சேர்த்துப் பதினொன்று, எதிரே தங்கை செந்தாமரையின் மடியில் இருக்கிற குழந்தையைச் சேர்த்தால் பன்னிரண்டு, நடுவில் காலைக் கட்டாமல் நிறுத்தி வைத்திருக்கிற கிடா எடைக்கு ஒரு ஆள்தான், அப்புறம் அரிசி மூட்டை, பொங்கல் பானை, இரண்டு அண்டா, எண்ணெய் டின். துறையில் கொட்டகைச் சுவரில் பச்சைப் பெயிண்டில் பெரிதாக எழுதியிருந்தது, பரிசல்காரர் போக ஆறு பேருக்கு மேல் ஏறக் கூடாது என்று. அதன்மேல்தான் தங்கை வீட்டுக்காரன் நவநீதன் முதுகைச் சாய்த்து நின்று போன் பேசிக்கொண்டிருந்தான். கொட்டகைக்குள் ஆணியில் ஆரஞ்சு நிற லைஃப் ஜாக்கெட்டுகள் கொத்தாகத் தொங்கின, ஒன்றின்மேல் ஒன்று, யாரும் தொட்டு வருஷக்கணக்கான மாதிரி ஒட்டடை படிந்து. அருணகிரி அவற்றைப் பார்த்ததை நவநீதனின் அப்பா பச்சமுத்து பார்த்துவிட்டார். அதெல்லாம் வேடிக்கை பார்க்க வருகிற டவுன்காரர்களுக்கு, நாம் பிறந்ததிலிருந்து தாண்டுகிற ஆறு இது, என்று சிரித்துக்கொண்டே அவன் தோளில் கையைப் போட்டு பரிசலுக்குள் இறக்கிவிட்டார். அவனும் இறங்கினான். பதினான்கு வருஷமாகப் பஸ் ஓட்டுகிறவன், படியில் ஒரு கால் வெளியே இருந்தால் கியர் போடாதவன், தோளில் ஒரு கை விழுந்ததும் ஆட்டுக்கிடா மாதிரி இறங்கி உட்கார்ந்துவிட்டான். அக்கரையில் முனியப்பன் கோயில், அங்கே குழந்தைக்கு மொட்டை போட்டுக் காது குத்த வேண்டும், புதன்கிழமை, பன்னிரண்டு மணிக்கு ராகு காலம் பிறந்துவிடும், அதற்குள் தாய்மாமன் மடியில் குழந்தையை உட்கார வைக்க வேண்டும். தாய்மாமன் அவன்தான். மணி பதினொன்று பத்து. விரல் நுனியை வெளியே தொங்கவிட்டால் தண்ணீர் படும். பரிசல் விளிம்புக்கும் தண்ணீருக்கும் நடுவே நாலு விரல்கடைகூட இல்லை, மூன்றுதான், இல்லை, அவன் பக்கம் மூன்று, அண்டா இருக்கிற பக்கம் இரண்டு.

சொல்லியிருக்க வேண்டும். கரையிலேயே சொல்லியிருக்க வேண்டும். காலையில் டீ டம்ளரைக் கையில் கொடுக்கும்போதே செந்தாமரை அவன் வாயைக் கட்டிவிட்டாள். அண்ணா, இன்னைக்கு ஒரு நாள் எதுவும் பேசிடாத, என்றாள். எதைப் பற்றி என்று அவள் சொல்லவில்லை, அவனும் கேட்கவில்லை, இரண்டு பேருக்கும் தெரியும். அவள் கல்யாணத்தன்று மாப்பிள்ளை அழைப்புக்கு வந்த வேனை ஓட்டினவன் தனசேகர், பச்சமுத்துவின் தம்பி மகன், வாயைத் திறந்தால் சாராய நாற்றம், அருணகிரி சாவியைப் பிடுங்கிக்கொண்டு தானே வேனை ஓட்டி வந்தான். வந்து சேர்ந்த இருபது பேருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஒன்றும் ஆகாததால் அவன் செய்தது திமிர் என்று ஆகிவிட்டது. பந்தியில் தனசேகரின் அம்மா சாப்பிடாமல் எழுந்து போனாள், ஆறு மாதம் இவர்கள் வீட்டில் யாரும் இவனோடு முகம் கொடுத்துப் பேசவில்லை, அந்த ஆறு மாதத்தைச் செந்தாமரைதான் அந்த வீட்டுக்குள் இருந்து அனுபவித்தாள். அந்தத் தனசேகரும் இதோ நாலாவது ஆளாக உட்கார்ந்திருக்கிறான், இன்றைக்குக் குடிக்கவில்லை போலிருக்கிறது, சட்டையெல்லாம் இஸ்திரி போட்டிருக்கிறான். பச்சமுத்துவிடம், மாமா, ரெண்டு நடையாப் போயிடலாமா என்று கேட்டிருக்கலாம். கேள்வியாகக் கேட்டால் கோபம் வராது. இல்லை, வெயிலாக இருக்கிறது, நான் பின்னாடி வருகிறேன், நீங்கள் முன்னால் போங்கள் என்று தன்மேல் போட்டுச் சொல்லியிருக்கலாம். அதுவும் வேண்டாம், எனக்குத் தண்ணி கண்டால் பயம் என்று சொல்லியிருக்கலாம், சிரித்திருப்பார்கள், சிரித்தால் சிரித்துவிட்டுப் போகட்டும். இப்படி வாக்கியம் வாக்கியமாகச் செய்து பார்த்தான், எல்லாமே நன்றாக இருந்தன, எல்லாமே கரைக்குரிய வாக்கியங்கள். பரிசலில் உட்கார்ந்துகொண்டு சொல்வதற்கென்று ஒன்றுகூட அவனிடம் இல்லை. அதற்குள் மாதையன் இன்னும் நாலு துடுப்புப் போட்டுவிட்டார், பரிசல் லேசாக ஒரு சுற்றுச் சுற்றி, இதுவரை முதுகுக்குப் பின்னால் இருந்த கரையை அவன் முகத்துக்கு நேரே கொண்டுவந்து நிறுத்தியது. கொட்டகை சிறிசாகத் தெரிந்தது.

அவனுடைய வலது கால் தானாக அழுந்திக்கொண்டிருந்தது. பரிசல் அடியில் மூங்கில் பின்னலின்மேல் கட்டைவிரல் வெளுக்க அழுத்திக்கொண்டிருந்ததை அவனே இப்போதுதான் பார்த்தான். பிரேக். அடுத்தவர் ஓட்டும் வண்டியில் ஏறினாலே இப்படித்தான், கால் தேடும், கண் கண்ணாடியைத் தேடும், தலைக்கு மேலே இடது பக்கம் ஒரு கண்ணாடி இருக்க வேண்டும், அதில் பின்படி தெரிய வேண்டும், படியில் யார் தொங்குகிறார்கள் என்று தெரிய வேண்டும். இங்கே வானம்தான் இருந்தது. அவன் வண்டிக்கு ஒரு காலத்தில் நகராத வண்டி என்று பெயர், சாயங்காலம் ஐந்தே கால் நடை, காலேஜ் ஸ்டாப்பிங்கில் கூட்டம் அப்பும், படியில் நிற்கிற கடைசி ஆள் உள்ளே வரும்வரை அவன் எடுக்கமாட்டான், கண்டக்டர் விசில் அடித்து அடித்து ஓய்ந்து போவார், உள்ளே இருப்பவர்கள் திட்டுவார்கள், பாப்பா அழுகிறது, வேலைக்கு நேரமாகிறது, உனக்கென்னய்யா சம்பளம் வந்துவிடும் என்பார்கள். மூன்று வருஷம் அப்படி ஓட்டினான். தாமதத்துக்காக டிப்போவில் இரண்டு தடவை எழுதி வாங்கினார்கள். அப்புறம் ஒரு நாள், ஒரே ஒரு நாள், எதனால் என்று இன்றைக்கும் தெரியவில்லை, தலைவலிகூட இல்லை, யாரும் அன்றைக்கு அதிகமாகத் திட்டவும் இல்லை, சரி போகட்டும் என்று கியரைப் போட்டான். படியில் ஏழெட்டுப் பேர் இருந்தார்கள். கண்ணாடியில் பார்த்தான், ஒரு நீலச் சட்டை வெளியே சாய்ந்து தொங்கியது, பார்த்துக்கொண்டேதான் ஓட்டினான், சர்க்கரை ஆலை வளைவில் திரும்பி மறுபடி கண்ணாடியைப் பார்த்தபோது நீலச் சட்டை இல்லை. சாகவில்லை. இடது முழங்கை மட்டும் அதற்கப்புறம் நிமிரவில்லை. விசாரணையில் ஓட்டுநர்மேல் தவறில்லை என்று எழுதினார்கள். அந்த ஆள் இப்போது மருந்துக்கடையில் வேலை பார்க்கிறார், அதே வண்டியில்தான் தினமும் வருகிறார், வலது கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பார், வணக்கம் டிரைவர் சார் என்பார், கோபமே கிடையாது. கோபம் இல்லாததுதான் தாங்கமுடியவில்லை. விழுந்த சத்தம் அவனுக்குக் கேட்கவேயில்லை, அதுதான் திரும்பத் திரும்ப வருகிறது, ஒரு சத்தம் கேட்டிருக்க வேண்டும் என்று. கண்ணாடியில் நீலம் இருந்தது, அப்புறம் நீலம் இல்லை.

பதினொன்று, குழந்தையோடு பன்னிரண்டு. தண்ணீர் கரையோரம் பச்சையாக இருந்தது, இங்கே காப்பி நிறமாக மாறியிருந்தது, நுரை சின்னச் சின்ன வட்டமாக மிதந்து போயிற்று, ஒரு வாழைமட்டை, ஒரு செருப்பு. மேலே அணையில் நேற்று ராத்திரி கூடுதலாகத் திறந்துவிட்டார்கள் என்று டீக்கடையில் யாரோ சொன்னது காதில் விழுந்திருந்தது. மாதையன் அந்த நுரையைப் பார்ப்பதை அருணகிரி பார்த்தான். அவர் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை, ஆனால் துடுப்பை இதுவரை இழுத்த மாதிரி இழுக்கவில்லை, கொஞ்சம் ஆழமாகப் போட்டு, ஒவ்வொரு இழுப்புக்கும் ஒரு மூச்சு நிறுத்தினார். பச்சமுத்து மழையைப் பற்றியும் கரும்பு வெட்டுக்கு ஆள் கிடைக்காததைப் பற்றியும் பேசிக்கொண்டிருந்தார். நல்ல மனிதர். செந்தாமரைக்கு மஞ்சள்காமாலை வந்தபோது பதினைந்து நாள் ஆஸ்பத்திரி வாசலிலேயே கிடந்தவர். கெட்ட மனிதராக இருந்தால் சொல்வது எவ்வளவு சுலபம். யார் யாருக்கு நீச்சல் தெரியும் என்று அருணகிரி கணக்குப் போட ஆரம்பித்திருந்தான், போடக் கூடாது என்று நினைத்துக்கொண்டே போட்டான். மாதையனுக்குத் தெரியும். பச்சமுத்துவுக்குத் தெரியும், ஆனால் போன வருஷம் நெஞ்சில் ஸ்டென்ட் வைத்தார்கள். தனசேகருக்குத் தெரியலாம். நவநீதனுக்குத் தெரியாது, அவனே சிரித்துக்கொண்டு சொல்லியிருக்கிறான். பெண்கள் நாலு பேருக்கும் தெரியாது, நாலும் பட்டுச்சேலை. அவனுக்கே கிணற்று நீச்சல்தான், நாலு பக்கமும் சுவர் இருக்கிற தண்ணீர், களைத்தால் படிக்கட்டைப் பிடித்துக்கொள்ளலாம். கிடா தலையை ஆட்டியது. அதன் கழுத்தில் கட்டின வேப்பிலை மாலையை அதுவே தின்னப் பார்த்து, எட்டாமல், ஒரு அடி பின்னால் எடுத்து வைத்தது. பரிசல் அந்தப் பக்கம் சாய்ந்தது. பெரிய சாய்வு ஒன்றும் இல்லை. ஒரு சொம்புத் தண்ணீர் விளிம்பைத் தாண்டி உள்ளே வழிந்து, செந்தாமரையின் காலை நனைத்து, சேலைக் கரையை நனைத்து, பின்னலுக்குள் இறங்கியது. அத்தை, அதாவது பச்சமுத்துவின் சம்சாரம், முனியப்பா என்று மெல்லச் சொன்னாள். யாரோ சிரித்தார்கள். செந்தாமரை குனிந்து காலைப் பார்க்கவில்லை. நேராக அண்ணனைப் பார்த்தாள்.

அந்தப் பார்வையில் என்ன இருந்தது என்று அவனுக்கு நிச்சயமாகத் தெரியவில்லை. பேசாதே என்றா, பேசேன் என்றா. சின்ன வயதில் இரண்டுக்கும் அவளுக்கு ஒரே முகம்தான், உதட்டை உள்ளே மடித்துக்கொண்டு இமைக்காமல் பார்ப்பாள், மிட்டாய் வேண்டுமென்றாலும் அதே முகம், அப்பாவிடம் மாட்டிவிடாதே என்றாலும் அதே முகம். அதைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அவன் மனசு ஒரு காரியம் செய்தது. அவனைக் கேட்காமல் செய்தது. பரிசல் கவிழ்கிறது, கவிழ்ந்தால் கவிழ்த்துப் போட்ட கூடை மாதிரி மேலே மூடும், எதிர்ப்பக்கம் போக வேண்டுமென்றால் அடியில் முழுகித்தான் போக வேண்டும், போய்க் குழந்தையைப் பிடிக்கிறான், குழந்தை கைக்கு அடக்கம், ஒரு கையால் தூக்கிப் பிடித்துவிடலாம், செந்தாமரை அவன் கழுத்தைக் கட்டிக்கொள்வாள், முழுகுகிறவர்கள் கட்டிக்கொள்வார்கள், கட்டிக்கொண்டால் மூன்று பேரும் போவோம், அதனால் அவள் கையை விடுவிக்க வேண்டும். விடுவித்தான். மனசுக்குள் அவள் கையை விரல் விரலாகப் பிரித்து விடுவித்துவிட்டு, குழந்தையை மட்டும் தூக்கிக்கொண்டு கரைக்கு வந்துகொண்டிருந்தான். எதிரே அவள் உட்கார்ந்து அவனையே பார்த்துக்கொண்டிருக்கிறாள், ஈரக் காலோடு, மூக்குத்தி வெயிலில் மின்ன, அவள் உயிரோடு இருக்கும்போதே அவன் அவளை விட்டுவிட்டு வந்துகொண்டிருந்தான். எத்தனை சுலபமாக முடிவாயிற்று. ஒரு கியர் போடுகிற நேரம்கூட ஆகவில்லை. அதற்கப்புறம் வந்த குரல் அவனுடையதுதான் என்று அவனுக்கே கொஞ்சம் தாமதமாகத்தான் தெரிந்தது.

"மாதையண்ணே, திருப்புங்க."

சத்தமாகக்கூடச் சொல்லவில்லை. ஆனால் பச்சமுத்து கரும்பைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்ததைப் பாதியில் நிறுத்தினார். நவநீதன், என்ன மச்சான், எதையாவது விட்டுட்டு வந்துட்டீங்களா, என்று கேட்டான். ஆமாம் என்று சொல்லியிருக்கலாம், அந்த நேரத்திலும் மனசு ஒரு சாக்கைக் கண்டுபிடித்துக் கொடுத்தது, மோதிரத்தை விட்டுவிட்டேன், காது குத்தத் தோட்டை விட்டுவிட்டேன் என்று. அவன் சொல்லவில்லை.

"ஆள் அதிகம். ரெண்டு நடையாப் போலாம். ஜாக்கெட் போட்டுக்கிட்டுப் போலாம்."

மாதையன் ஏன் என்று கேட்கவில்லை, பச்சமுத்துவின் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை, துடுப்பு ஏற்கெனவே பக்கம் மாறியிருந்தது. ஒருவர் சொல்வதற்காகவே இத்தனை நேரம் காத்துக்கொண்டிருந்த மாதிரி பரிசல் ஒரே வீச்சில் திரும்பியது. கரையிலிருந்து அவர்கள் வந்திருந்த தூரம் அவன் நினைத்ததைவிடக் குறைவு. அரை மணி நேரம் போயிருக்கும் என்று நினைத்துக்கொண்டிருந்தான், கடிகாரத்தில் ஆறு நிமிஷம்தான் ஆகியிருந்தது. திரும்பி வருகிற அந்தச் சின்னத் தூரம்தான் நீளமாக இருந்தது. அண்டாவின் மூடி ஒவ்வொரு துடுப்புக்கும் டங் டங் என்று அடித்தது. அவனுக்கு ஏதாவது சமாதானமாகச் சொல்லலாமா என்று தோன்றியது, சொன்னால் இன்னும் கெட்டுவிடும் என்றும் தோன்றியது, கிடாவின் கழுத்துக் கயிற்றைப் பிடித்து அதை இரண்டு முழங்காலுக்கும் நடுவே அமுக்கி உட்கார வைத்தான், அது ஒன்றுதான் செய்ய முடிந்தது, அதன் இதயம் அவன் முழங்காலில் அடித்தது, அவனுடையதும் அப்படித்தான் அடித்துக்கொண்டிருந்தது.

கரை தட்டியதும் பச்சமுத்து முதலில் இறங்கினார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, அவன் இறங்குகிறவரை நின்றார். கத்துவார் என்று எதிர்பார்த்தான், கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"ஏந்தம்பி, எங்களுக்கெல்லாம் எங்க உசுரு மேல அக்கறை இல்லைனு நெனச்சிட்டீங்களா?" என்றார்.

அப்படி நினைக்கவில்லை மாமா என்று சொல்ல வாயெடுத்தான், அவர் அதற்குள் திரும்பி, முதல் நடைக்கு யார் யார் என்று விரல் நீட்டி ஏற்ற ஆரம்பித்துவிட்டார். செந்தாமரை, குழந்தை, நவநீதன், அத்தை, அவர். தாய்மாமன் வேண்டுமே, நேரம் போய்விடுமே என்று அத்தை முணுமுணுத்தாள், அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. மீதிப் பேர் அடுத்ததில் வரட்டும் என்றார். மாதையன் கொட்டகைக்குள் போய் ஜாக்கெட்டுகளை அள்ளிக்கொண்டு வந்து மணலில் உதறினார், ஒட்டடையும் பல்லி முட்டையும் உதிர்ந்தன. ஒவ்வொன்றாகக் கொக்கி வேலை செய்கிறதா என்று இழுத்துப் பார்த்து, ஆகாததை ஒதுக்கிப் போட்டார். நவநீதன் ஒன்றை வாங்கி மாட்டாமல் கையிலேயே வைத்துக்கொண்டான். குழந்தை அளவுக்கு ஒன்றுமில்லை. செந்தாமரை குழந்தையை முந்தானையால் தன் இடுப்போடு சேர்த்துக் கட்டப் போனபோது மாதையன் தடுத்தார். கட்ட வேண்டாம், கட்டினால் எடுக்க முடியாது, கையிலேயே வைத்துக்கொள்ளட்டும், நடுவில் உட்காரட்டும் என்றார். பரிசலைத் தள்ளும்போது அருணகிரியின் பக்கத்தில் வந்தவர், வேறு யாருக்கும் கேட்காமல், நானே சொல்லலாம்னுதான் இருந்தேங்க, நான் சொன்னா அடுத்த தடவை வேற துறைக்குப் போயிருவாங்க, என்றார். சொல்லிவிட்டு ஏறிக்கொண்டார். அருணகிரிக்கு அவர்மேல் கோபம் வந்தது, சட்டென்று வடிந்தும் போயிற்று. அவனும்தானே ஆறு நிமிஷம் வாயை மூடிக்கொண்டு போனான்.

மீதிப் பேர் புங்க மர நிழலில் ஒதுங்கினார்கள், அவன் மட்டும் கிடாவைப் பிடித்துக்கொண்டு வெயிலில் நின்றான். பரிசல் போய்க்கொண்டிருந்தது. ஐந்து ஆரஞ்சுப் புள்ளிகள், நவநீதன் கடைசியில் மாட்டிக்கொண்டுவிட்டான் போலிருக்கிறது, மாதையன்கூட மாட்டியிருந்தார். குழந்தை தெரியவில்லை. விளிம்பு இப்போது தண்ணீருக்கு மேலே ஒரு ஜாண் நின்றது, தூரத்திலிருந்தே தெரிந்தது, பரிசல் இலகுவாக, கொஞ்சமும் ஆடாமல், ஆறே இல்லாத மாதிரி போயிற்று. அதைப் பார்க்கப் பார்க்க அவனுக்கு நிம்மதி வர வேண்டும், வரவில்லை. இத்தனை அழகாகப் போகிறதே, பதினொரு பேரோடும் இப்படித்தான் போயிருக்குமோ. போயிருக்கும். அநேகமாகப் போயிருக்கும். இந்நேரம் அக்கரையில் இறங்கி, குழந்தைக்கு மொட்டை போட்டு, அவன் மடியில் உட்கார வைத்து, பத்தர் ஊசியை எடுத்திருப்பார், வீல் என்று அழுதிருக்கும், எல்லாரும் சிரித்திருப்பார்கள், பச்சமுத்து அவன் தோளில் கையைப் போட்டிருப்பார். ஒன்றும் ஆகாமல் போயிருந்தால் அவன் சொன்னது தப்பு, ஏதாவது ஆகியிருந்தால் சொல்ல அவன் இருந்திருக்கமாட்டான். எது சரி என்று காட்டுவதற்கு அந்த ஆற்றில் ஒன்றுமே இல்லை, நுரை போய்க்கொண்டே இருந்தது. அத்தனை நேரம் கழித்தும் வலது காலைத் தரையில் அழுத்திக்கொண்டுதான் நின்றான், மணல் குழிந்திருந்தது. நடு ஆற்றைத் தாண்டும்போது பரிசல் ஒரு சுற்றுச் சுற்றியது, அவன் மூச்சைப் பிடித்துக்கொண்டான், செந்தாமரையின் சேலை நிறம் ஒரு தடவை மறைந்து மறுபடி தெரிந்தது. நிழலில் இருந்து தனசேகர் எழுந்து வந்தான். எதற்கு வருகிறான் என்று இவன் உடம்பு இறுகியது. ஒன்றுமில்லை, கையில் ஒரு ஜாக்கெட்டை வைத்துக்கொண்டு இதன் வார் எந்தப் பக்கம் வரும் என்று கேட்டான். அருணகிரி வாங்கி, அவனுக்கு மாட்டிவிட்டு, வாரை இழுத்துக் கட்டினான். இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொள்ளவில்லை. அக்கரையில் பரிசல் தட்டியது. இறங்குகிறார்கள். ஒன்று. இரண்டு. மூன்றாவது யாரென்று தெரியவில்லை, கையில் ஏதோ இருக்கிறது, அவள்தான். நாலு. மணி பதினொன்று ஐம்பது. இனி மாதையன் திரும்பி வந்து, இவர்களை ஏற்றிக்கொண்டு போனால் பன்னிரண்டு தாண்டிவிடும், ராகு காலம் பிறந்துவிடும், இவன் ஒருவனால் நல்ல நேரம் போயிற்று என்று இன்னும் ஆறு மாதம், ஒரு வருஷம், அவள் அந்த வீட்டுக்குள் இருந்து கேட்டுக்கொண்டிருப்பாள்.

சட்டைப் பையில் போன் அடித்தது. செந்தாமரை.

"அண்ணா, எறங்கிட்டோம்," என்றாள். பின்னால் பம்பைச் சத்தம் கேட்டது, குழந்தை எதற்கோ சிணுங்கியது. அப்புறம், காது குத்துவதை ஒன்றரை மணிக்கு மேலே வைத்துக்கொள்ளலாம் என்று பூசாரி சொல்லிவிட்டார், மாமாவும் சரி என்றுவிட்டார், என்றாள்.

மாமா கோபமாக இருக்கிறாரா என்று கேட்டான்.

"இருக்காரு. நானும் கோவமாத்தான் இருக்கேன்." மூச்சை இழுத்துக்கொண்டாள். "இருந்துட்டுப் போறோம். நீ அவசரப்படாம, மாதையன் சொல்ற மாதிரி உக்காந்து வந்து சேருண்ணா."